பழைய பாட்டிலா, பழைய ஃபார்முலாவா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் கல்பாசி வாங்கி அப்படியே முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மரப்பட்டை, மண், கொஞ்சம் காய்ந்த காளான், அவ்வளவுதான். சூடான எண்ணெயில் விழுந்த பிறகே அது வாயைத் திறக்கும். கல்பாசி செடி இல்லை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் லைக்கன். ஐரோப்பாவில் ஓக் மரக்கிளைகளில் அதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு, ஓக்மாஸ் என்று பெயர். பிரெஞ்சு வாசனைத் திரவியங்களில் ‘ஷீப்ர்’ என்ற குடும்பமே அதன் முதுகில்தான் ஏறி நின்றது. மேலே பெர்கமோட் எலுமிச்சை, நடுவில் பூக்கள், அடியில் ஓக்மாஸும் லாப்டானம் பிசினும். கோட்டி என்ற பிரெஞ்சு நிறுவனம் 1917-இல் கொண்டுவந்த ஷீப்ர் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது. ஜாக் கெர்லான் 1919-இல் செய்த மிட்சுகோவும், 1947-இல் வந்த மிஸ் டியோரும் அதன் வாரிசுகள்.

மிட்சுகோ இன்றும் கடையில் கிடைக்கிறது. பெயர் அதே, பாட்டில் கிட்டத்தட்ட அதே, உள்ளே இருப்பது மட்டும் அதே இல்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில் புதுப் பாட்டில் வருகிறது. வீட்டு பீரோவில் இருபது வருடமாக ஒரு பழசு கிடக்கிறது. இரண்டையும் இரண்டு மணிக்கட்டில் அடித்து முகர்ந்துவிட்டு, ‘முன்ன மாதிரி இல்ல, ஃபார்முலாவக் கெடுத்துட்டான்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் சந்தேகப்பட வேண்டியவர்கள் நான்கு பேர்: ஃபார்முலா, பாட்டிலின் வயது, தெளித்த அளவு, நம் மூக்கு. மற்ற மூவரையும் விசாரித்து அனுப்பாமல் முதல் ஆளைப் பிடிக்க முடியாது.

ஃபார்முலா ஏன் மாறுகிறது என்பதில் ஓக்மாஸ் கதை தெளிவானது. லைக்கனில் அட்ரனோரின், குளோரோஅட்ரனோரின் என்ற இரண்டு பொருட்கள் உண்டு. சாறு எடுக்கும்போது அவை உடைந்து அட்ரனாலும் குளோரோஅட்ரனாலும் ஆகின்றன. இவை தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதில் மிகக் கடுமையானவை. (நம் கல்பாசியிலும் அட்ரனோரின் உண்டு. குழம்பில் போட்டுச் சாப்பிடுவது வேறு, சாறாக்கித் தினமும் கழுத்தில் தேய்ப்பது வேறு.) வாசனைத் தொழிலின் சர்வதேச அமைப்பான இஃப்ரா, தோலில் போடும் திரவியத்தில் ஓக்மாஸ் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. 100 கிராமுக்கு 0.1 கிராம், ஷீப்ரின் அடித்தளமாக நின்ற சரக்குக்கு இது துளி. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையுமே தடை செய்தது. அவை உள்ள புதுச் சரக்கை 2019 ஆகஸ்ட் 23-க்குப் பிறகு சந்தைக்கு விடக்கூடாது, 2021 ஆகஸ்ட் 23-க்குப் பிறகு கடை அலமாரியிலும் இருக்கக்கூடாது. இன்று வரும் ஓக்மாஸ், அந்த இரண்டையும் நீக்கிச் சுத்தம் செய்தது. பாசியின் பச்சையும் மரமும் அதில் இருக்கும். மை போன்ற அந்த இருட்டு மட்டும் குறைந்துபோகும்.

அதே 2017 ஆணையில் லைரலும் போனது. அதன் உறவான லிலியல், இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டதால் 2022 மார்ச் 1 முதல் தடை. இரண்டுமே ‘லில்லி ஆஃப் தி வேலி’ பூவைச் செயற்கையாகக் கட்ட உதவியவை. அந்தப் பூவிலிருந்து வணிகரீதியாக எண்ணெய் எடுக்க வழியில்லை. வேதிப்பொருள்களை அடுக்கித்தான் அந்த மணத்தைச் செய்ய வேண்டும். ஆகவே இந்தத் தடைகள் ஒரு தூணைப் பெயர்த்தது மாதிரி. எந்தெந்தத் திரவியத்தின் நடுப்பகுதியில் வெள்ளைப்பூ வாசம் சோப்புச் சுத்தமாக இருந்ததோ, அதெல்லாம் அந்த வருடங்களையொட்டிக் கையாளப்பட்டிருக்கும்.

சரக்குத் தட்டுப்பாடு இரண்டாவது காரணம். இது நமக்குப் பக்கத்து விஷயம். சேர்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் சந்தனம் தானாக வளர்ந்த காலம் உண்டு. தமிழ்நாட்டுச் சந்தனக் கட்டை ஏலம் என்றால் திருப்பத்தூர் கிடங்கு நினைவுக்கு வரும். சொந்த நிலத்தில் நின்ற சந்தன மரமும் சர்க்காருக்கே என்ற விதி இங்கே 2002-இல்தான் மாறியது. அதற்குள் காட்டு மரம் அரிதாகிவிட்டது. இந்தியச் சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். மேற்கு ஆஸ்திரேலியாவின் வேறு இனச் சந்தனம் இந்த அளவை எட்டாது. ஜவனால், பாலிசாண்டால் போன்ற செயற்கைச் சந்தனங்கள் பலமானவை, ஆனால் பாலும் நெய்யும் கலந்த அந்த வழவழப்பு அவற்றுக்கு வராது. வீட்டில் சந்தனக்கல்லில் உரசிப் பழகிய மூக்குக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கஸ்தூரியும் புனுகும் விலங்குப் பாதுகாப்பில் போயின. கஸ்தூரி மணத்தைச் செயற்கையாகத் தந்த பழைய நைட்ரோ மஸ்க்குகளில் ஒன்றான மஸ்க் ஆம்ப்ரெட் நரம்பைப் பாதிப்பதாலும் வெயில் பட்டால் தோலில் ஒவ்வாமை தருவதாலும் தடையானது.

மூன்றாவது காரணத்தை எந்தக் கம்பெனியும் வாய்விட்டுச் சொல்வதில்லை: காசு. எல்லாப் பழியையும் விதிகள் மேல் போடுவது விற்பவருக்கும் வசதி, ரசிகருக்கும் வசதி. பிராண்டு கைமாறும் நேரங்களைக் கவனிப்பது நல்லது. 1977-இல் வந்த ஓபியம் என்ற திரவியம், அதை வைத்திருந்த ஈவ் சான் லோரான் அழகுப்பிரிவு 2008-இல் லோரியாலிடம் போனதற்கு அடுத்த வருடம் புதுப் பாட்டிலில் வந்தது. ஆள் மாறியதும் பாட்டில் மாறியதும் கிராம்பு, மசாலா எண்ணெய்களின் மேல் வரம்புகள் இருந்ததும் ஒரே காலத்தில் சேர்ந்துகொண்டன. எது எவ்வளவு மாற்றியது என்று வெளியிலிருந்து பிரிப்பது கடினம். ஒரு கணக்கு மட்டும் போடலாம். தடைசெய்யப்பட்ட பொருளின் இடம் காலியாகியிருந்தால் விதி. எந்தத் தடையும் இல்லாத இடத்தில் மல்லிகையும் ரோஜாவும் மெலிந்திருந்தால் கணக்குப்பிள்ளை.

அடுத்தது பாட்டிலின் வயது. முகர்வதற்கு முன் பெட்டியைப் படிக்க வேண்டும். ‘அண்ணா, இது பழைய ஃபார்முலா, இனிமே கிடைக்காது’ என்று விற்பவர் சொல்வது சாட்சியம் ஆகாது.

ஐரோப்பாவில் 26 ஒவ்வாமைப் பொருட்களைப் பெட்டியில் பெயர் சொல்லி அச்சிடுவது 2005 மார்ச் முதல் கட்டாயமானது. லினலூல், லிமோனீன், சிட்ரோனெல்லால் என்று வரிசை இல்லாத ஐரோப்பியப் பெட்டி பெரும்பாலும் அதற்கு முந்தியது. பட்டியலில் ‘பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோப்பியோனல்’ இருந்தால் அது லிலியல். 2022-க்கு முந்தைய சரக்கு. ‘ஹைட்ராக்சிஐசோஹெக்சில் 3-சைக்ளோஹெக்சீன் கார்பாக்சால்டிஹைடு’ என்று ரயில் மாதிரி நீளும் பெயர் லைரல், 2019-க்கு முந்தையது. ‘எவர்னியா ப்ருனாஸ்ட்ரி’ ஓக்மாஸ், ‘எவர்னியா ஃபர்ஃபுராசியா’ அதன் மலிவுத் தம்பியான ட்ரீமாஸ். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். எவர்னியா ப்ருனாஸ்ட்ரி என்று போட்டிருப்பதாலேயே பழைய ஓக்மாஸ் ஆகிவிடாது. சுத்தம் செய்த புதுச் சரக்குக்கும் அதே பெயர்தான்.

வரிசையையும் நம்பி ஏமாறக்கூடாது. 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவை இறங்குவரிசையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். லோரியால் குழுமப் பெட்டிகளில் பட்டியலின் முடிவில் ஓர் எழுத்தும் சில எண்களும் கொண்ட குறியீடு இருக்கும். பட்டியலுக்கான அடையாள எண் அது. இரண்டு பெட்டிகளில் அந்த எண் வேறானால் பட்டியல் மாறியிருக்கிறது என்று தெரியும், என்ன மாறியது என்று தெரியாது.

தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் பேட்ச் கோடு பாட்டிலின் அடியிலும் பெட்டியின் அடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வேறு என்றால் பெட்டி ஒருவருடையது, பாட்டில் இன்னொருவருடையது, அல்லது இரண்டுமே போலி. டியோர் பாட்டில்களில் நான்கு எழுத்துக் குறியீட்டின் முதல் எண் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்த எழுத்து மாதம். ஆகவே 8 என்றால் 1998-ஆ, 2008-ஆ, 2018-ஆ என்று பெட்டிதான் சொல்ல வேண்டும். ஒவ்வாமைப் பட்டியல் இல்லையென்றால் 1998, பட்டியலும் அதில் லிலியலும் லைரலும் இருந்தால் பெரும்பாலும் 2008 என்கிற மாதிரி நெருக்கிப் பிடிக்கலாம்.

இந்தியாவில் முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், மாதம், வருடம், அதிகபட்ச விலை போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அந்த மாதம் தயாரித்ததா, இறக்குமதியானதா என்று வாசகத்தைப் பார்த்துப் படிக்கவும்; நடுவே ஒரு வருடம் கூட நழுவலாம். ஸ்டிக்கரைச் சரியாகப் பட்டியல் மேலேயே ஒட்டித் தொலைப்பதும் உண்டு. ஹேர் டிரையரை அரையடி தள்ளிப் பிடித்து 20 விநாடி சூடு காட்டினால் ஓரத்திலிருந்து உரியும். அவசரப்பட்டால் பட்டியலும் சேர்ந்து வரும்.

பெயர் ஒன்றாக இருந்தும் பொருளே வேறாக இருப்பதும் உண்டு. 2005-இல் வந்த மிஸ் டியோர் ஷெரி, 2011-இல் வெறும் மிஸ் டியோர் ஆனது. 1947-இன் வாரிசு மிஸ் டியோர் ஒரிஜினல் ஆயிற்று. இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து முகர்ந்து ‘எவ்வளவு மாத்திட்டான்’ என்று வருந்துவது, அண்ணன் போட்டோவில் தம்பியைத் தேடுவது மாதிரி. ஓ த டாய்லெட்டை ஓ த பார்ஃபமோடு ஒப்பிடுவதும் அப்படியே. அவை அடர்த்தி கூடிய, குறைந்த ஒரே சரக்கு அல்ல, பெரும்பாலும் தனித்தனி ஃபார்முலா.

தேதி தெரிந்த பிறகும் பாட்டில் எங்கே கிடந்தது என்ற கேள்வி நிற்கும். பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்சாயில் ஒஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகம் 1990-இல் தொடங்கியது. அங்கே பழைய திரவியங்களை இருட்டில், 12 டிகிரியில், காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு நிரப்பி வைத்திருக்கிறார்கள். சேலத்து பீரோ மே மாதத்தில் 36 டிகிரியில் இருக்கும், மேல் தட்டு இன்னும் சூடு. அந்தச் சூட்டில் முதலில் சாவது எலுமிச்சை வகை. லிமோனீன் காற்றோடு சேர்ந்து பழசாகி, பெயின்ட் தின்னர், காய்ந்த எலுமிச்சைத் தோல் வாடை தரும். ஆல்டிஹைடுகள் ஆல்கஹாலோடு சேர்ந்து மங்கும். வனிலின் நிறத்தைக் கருக்கும். மல்லிகை, ஆரஞ்சுப்பூ வகையில் உள்ள மெத்தில் ஆந்த்ரனிலேட் ஆல்டிஹைடுகளோடு இணைந்து மஞ்சளும் ஆரஞ்சுமாக்கும். நிறம் கருத்தது மட்டும் கெட்டதற்கு அடையாளம் இல்லை.

ஆகவே ஒரு நடைமுறை விதி: முதல் பத்து நிமிடத்தில் தெரியும் வித்தியாசத்தைப் பெரும்பாலும் வயதின் கணக்கில் எழுதவும், நான்கு மணி நேரம் கழித்துத் தெரிவதை ஃபார்முலாவின் கணக்கில். ஓக்மாஸ், சந்தனம், பிசின், மஸ்க் எல்லாம் கனமானவை, சீக்கிரம் பறக்காதவை, வெப்பத்துக்கு எலுமிச்சையை விட நன்றாகத் தாங்குபவை. விதிவிலக்கு உண்டு. 1988-இல் வந்த ஃபாரன்ஹைட் என்ற திரவியத்தின் பெட்ரோல் கலந்த வயலட் இலை வாசத்துக்கு உதவும் மெத்தில் ஆக்டைன் கார்பனேட் வகைப் பொருட்களுக்குக் கடும் வரம்பு உண்டு. அங்கே மாற்றம் மேலேயே தெரியும்.

வயது இன்னொரு ஏமாற்றும் செய்யும். மூடி திருகும் பழைய பாட்டிலில் ஆல்கஹால் மெல்லப் பறக்கும், எண்ணெய் தங்கும். 100 மி.லி.யில் 15 மி.லி. வாசனை எண்ணெய் இருந்தது என்று வைப்போம். 20 மி.லி. ஆல்கஹால் பறந்தால் மீதி 80-இல் அதே 15. அடர்த்தி 15 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 19 ஆகிவிடும். ‘பழசு எவ்வளவு ஸ்ட்ராங் பாரு’ என்ற பெருமையில் பாதி இந்த ஆவியாதல்தான். திறக்காத பாட்டிலிலேயே மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அதை ஒப்பீட்டுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. அலுமினிய வளையத்தால் நெரித்து மூடிய ஸ்ப்ரே பாட்டில்கள்தான் நம்பகம்.

தெளிக்கும் அளவு அடுத்த சந்தேகம். ஒரு ஸ்ப்ரே சுமார் 0.1 மி.லி. என்பார்கள், ஆனால் பம்ப்புக்குப் பம்ப் பாதியாகவும் இருக்கும், ஒன்றரையாகவும் இருக்கும். எளிய வழி, மருந்துக்கடையில் கிடைக்கும் இன்சுலின் சிரிஞ்ச். இங்கே ஒரு குழி இருக்கிறது. நம் கடைகளில் இரண்டு வகை விற்கும்: ஆரஞ்சு மூடி போட்டதில் 100 யூனிட் 1 மி.லி., சிவப்பு மூடி போட்டதில் 40 யூனிட் 1 மி.லி. ஒன்றில் 5 யூனிட், மற்றதில் 5 யூனிட் என்று எடுத்தால் முகரும் காகிதப் பட்டைகளில் ஒன்றில் இரண்டரை மடங்கு ஊற்றியிருப்போம், பிறகு ‘இது வீரியமானது’ என்று சத்தியம் செய்வோம். இரண்டுக்கும் ஆரஞ்சு மூடி, 5 யூனிட், அதாவது 0.05 மி.லி. ஒரு திரவியத்துக்கு ஒரு சிரிஞ்ச். ரப்பர் வாசத்தைக் குடிக்கும், கழுவினாலும் போகாது. சரிபார்க்க வேண்டுமானால் சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மில்லிகிராம் காட்டும் தராசில் 0.05 மி.லி. ஏறத்தாழ 40 மி.கி. காட்ட வேண்டும். எடை போட வேண்டியது சிரிஞ்சை, முன்னும் பின்னும். நனைந்த காகிதத்தைப் போட்டால் தராசு முள் நிற்காது, ஆல்கஹால் கண்ணெதிரே பறக்கும்.

காகிதப் பட்டைகளில் பெயரைப் பென்சிலால் எழுதவும், பேனா மைக்கு வாசம் உண்டு. நுனிகள் ஒன்றையொன்று தொடாமல், ஃபேன் நிறுத்திய அறையில், 5 நிமிடம், 1 மணி, 4 மணி, 24 மணி என்று முகரவும். மிட்சுகோவில் ஒரு வசதி உண்டு. அதன் பீச் வாசம் காமா அண்டெகலாக்டோன் என்ற ஒற்றைப் பொருளின் வேலை, அது நிலையானது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பட்டையிலும் பீச் ஒரே உயரத்தில் இருந்தால் அளவும் அடர்த்தியும் ஏறக்குறைய சமம், இனி அடியில் தெரியும் வித்தியாசத்தை நம்பலாம். பழசில் பீச்சும் கூடுதலாக இருந்தால் அது ஆவியாகி இறுகிய பாட்டில். நான்காவது மணியில் கவனிக்க வேண்டியது, மழையில் நனைந்த மரப்பட்டையும் மையும் கலந்த அந்த ஈரம் எவ்வளவு இருக்கிறது, அல்லது அந்த இடத்தில் உலர்ந்த, சுத்தமான மரம் நிற்கிறதா என்பதுதான்.

கடைசியாக மூக்கு. தினமும் ஒரே திரவியம் போடுகிறவருக்கு அது தெரியாமல் போவது இயல்பு. பெரிய மஸ்க் மூலக்கூறுகளில் சிலதைப் பிறவியிலேயே முகர முடியாதவர்கள் பலர். பழைய மஸ்க் தெரிந்து புதிய மஸ்க் தெரியாத ஒருவருக்குப் புதுப் பாட்டில் ‘ரெண்டு மணி நேரத்துல காலி’. பக்கத்தில் நிற்பவருக்கு அது மணந்துகொண்டே இருக்கும். இதற்கு மருந்து முக்கோணச் சோதனை. இன்னொருவர் மூன்று பட்டை தர வேண்டும், இரண்டில் ஒரே திரவியம், ஒன்றில் மட்டும் வேறு. எந்தப் பட்டையில் எது என்பது அவருக்கு மட்டும் தெரிய வேண்டும். வேறானதைப் பிடிக்க வேண்டும். ஆறு சுற்று, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. ஆறில் குறைந்தது நான்கு சரி என்பது குருட்டாம்போக்கில் சொன்னாலும் பத்தில் ஒரு தடவை வந்துவிடும். அப்படி ஐந்தோ ஆறோ சரியாக வருவதற்கு நூற்றில் இரண்டுக்கும் குறைவான வாய்ப்பு. ஆறு சுற்றில் மூன்றுதான் வந்தது என்றால், வித்தியாசம் பாட்டிலில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, பெட்டியின் தேதியில்தான் இருக்கலாம். நடுவில் மூக்கைத் துலக்கக் காபிக்கொட்டை வேண்டாம். ஏற்காட்டுக் காபி என்றாலும் வேண்டாம். வெறும் காற்றை விட அது உதவுவதில்லை என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள். சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தால் போதும்.

எங்கே வைத்து முகர்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். பல வாசனைப் பொருட்கள் ஆவியாகும் வேகம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கீழே சேலத்தில் 37 டிகிரியில் முகர்ந்ததை, 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் 22 டிகிரியில் முகர்ந்ததோடு ஒப்பிட முடியாது. சேலத்தில் எல்லாம் அவசரமாக வந்து அவசரமாகப் போகும், அடிவாசம் ஒரு மணியிலேயே தலைகாட்டும். ஏற்காட்டில் முதல் வாசம் நின்று பேசும், மஸ்க்கும் சந்தனமும் மெல்ல எழும். இரண்டு பாட்டிலையும் ஒரே நாளில் ஒரே அறையில் முகர்ந்தால் எந்த ஊரும் சரிதான். ஆனால் சேமித்து வைப்பதற்கு ஏற்காட்டின் குளிர் நல்லது, ஈரம் கெட்டது. மழைக்காலத்தில் பெட்டியில் பூஞ்சை பிடித்து, நாம் தேதி கண்டுபிடிக்க நம்பியிருக்கும் அச்சு எழுத்தே அழியும். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுவது நல்லது. சேலத்தில் என்றால் கீழ்த்தட்டு, வெளிச்சம் படாத பெட்டி. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதே ஜிப் கவர். பாதி காலியான பாட்டிலை 5 மி.லி. கண்ணாடிக் குப்பிகளில் கழுத்து வரை நிரப்பி, திருகு மூடியில் பிளம்பர் வெள்ளை டேப் இரண்டு சுற்றுச் சுற்றினால் உள்ளே காற்றும் குறையும், ஆல்கஹாலும் நிற்கும். பிளாஸ்டிக் குப்பி வேண்டவே வேண்டாம்.

24 மணிப் பட்டைகளைத் தனித்தனி காகித உறையில் வைத்து மறுநாள் காலை, பல் தேய்ப்பதற்கு முன் முகரவும். ஊதுபத்தி, சாம்பிராணி, தலையில் வைத்த மல்லிகைப்பூ எதுவும் அறையில் கூடாது. ஜவ்வரிசி ஆலைப் பக்கம் குடியிருப்பவர்கள் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்த்துவிட்டு ஜன்னலைத் திறக்கவும். மரவள்ளித் தண்ணீரின் புளிப்பு வாடை வரும் நாளில் சோதனையைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.